ஜமீன் என்று எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊர் வரலாறு எழுதுகிறவர்களும் தாத்தா காலத்துப் பத்திரத்தைப் பிரித்துப் படிக்கிறவர்களும் 'ஜமீன்' என்றதும் பெரும்பாலும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். ஜமீன் எல்லைக்குள் இருந்த நிலம் முழுவதும் ஜமீன்தாரின் சொத்து என்று எடுத்துக்கொள்கிறார்கள். பாரசீகத்தில் அந்தச் சொல்லுக்கு நிலம் என்றுதான் பொருள். ஆனால் சென்னை மாகாணத்தில் ஜமீன் என்பது, ஒருவர் வரி வசூலிக்கும் உரிமை பெற்றிருந்த ஊர்களின் தொகுப்பு. விளைச்சலில் மேல்வாரம் என்ற பங்கு அவருக்கு, குடிவாரம் என்ற பங்கு உழுத குடிக்கு. அவர் ஆண்டுதோறும் நிலையான பேஷ்குஷ் தொகையை சர்க்காருக்குக் கட்ட வேண்டும்.

ஜமீன்தார் தன் பொறுப்பில் வைத்திருந்த நிலத்துக்குப் பண்ணை, கம்பத்தம் என்று தனிப்பெயர்கள் இருந்தன. 1908-ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் இந்தப் பெயர்களைச் சொல்லியே அதைக் குடிகளின் நிலத்திலிருந்து பிரித்தது; குடிகளுக்கு நிலைத்த சாகுபடி உரிமையும் தந்தது. 'எங்கள் நிலம் ஜமீன் கொடுத்தது' என்று எழுதுமுன், அது பண்ணை நிலமா, தலைமுறைகளாகக் குடிவாரத்தில் இருந்ததா என்று பாருங்கள். உழைத்தவர்களின் உரிமை, அந்த ஒரு வாக்கியத்தில் யாரோ காட்டிய கருணையாகிவிடுகிறது. எனக்கு இதில்தான் பெரிய வருத்தம்.

கட்டபொம்மனை ஜமீன்தார் என்பதும் தவறு. 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டவர் பாளையக்காரர். படையும் கோட்டையும் உடையவர். 1801 போரோடு பாளையக்காரர்களின் படையும் கோட்டையும் பறிபோயின. இராமநாதபுரம் போன்றவை நிலையான பேஷ்குஷ் முறையில் ஜமீன்களானது 1803-இல். தஞ்சையின் மிராசுதார் எவ்வளவு பெரிய பண்ணை வைத்திருந்தாலும் ஜமீன்தார் அல்லர். ரயத்துவாரி முறையில் நேரே அரசுக்குக் கிஸ்தி கட்டியவர். புதுக்கோட்டையோ 1948 வரை தனி சமஸ்தானம்.

ஊர்ப் பெயர்களையும் கவனியுங்கள். அம்பாசமுத்திரம் பக்கம் ஜமீன் சிங்கம்பட்டியும் உண்டு, அயன் சிங்கம்பட்டியும் உண்டு. அயன் என்றால் வரி நேரே சர்க்காருக்குப் போன ஊர். அரண்மனை இருந்ததா இல்லையா என்பதை அந்த முன்னொட்டு சொல்லாது.

பழைய ஆவணத்தில் 'எஸ்டேட்' என்று வந்தால் தேயிலைத் தோட்டம் நினைவுக்கு வரும். 1948-இன் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தில் அந்தச் சொல் ஜமீன்களையும் மானியமாக விடப்பட்ட சில இனாம் கிராமங்களையுமே குறிக்கிறது. சிங்கம்பட்டியிலோ இரண்டு பொருளும் ஒன்றாக நிற்கும்: மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டமே, 1929-இல் அந்த ஜமீன் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட காட்டில் எழுந்ததுதான்.

ஒழிப்புக்குப் பின் அரசு நடத்திய செட்டில்மெண்டில் குடிகளுக்கு ரயத்துவாரிப் பட்டா கிடைத்தது. அந்தக் காலத்துத் தாளில் உள்ள 'செட்டில்மெண்ட்' வருவாய்த் துறையின் நிலவரித் திட்டம். தகப்பன் மகனுக்கு எழுதி வைக்கும் செட்டில்மெண்ட் பத்திரம் வேறு.