ஊர்ச் சாப்பாட்டுக்கு வெளியூர்க்காரர்களை வரவழைக்க: செட்டிநாட்டை வைத்து ஒரு கணக்கு

உணவுத் திருவிழா, யூடியூபரைக் கூப்பிட்டு வீடியோ, சாலையோரத்தில் பெரிய போர்டு, இதெல்லாம் கடைசி வேலை. முதல் வேலை, உங்கள் ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை இலை ஒழுங்காகப் போட முடியும் என்று எண்ணிப் பார்ப்பது. கடைகளை எண்ணாதீர்கள், கைகளை எண்ணுங்கள். செட்டிநாட்டில் காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம்: உப்புக்கறியும், அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கிற மண்டியும் பதம் தெரிந்து செய்கிற ஆச்சிகள் எத்தனை பேர், கல்யாணச் சமையல் மாஸ்டர்கள் எத்தனை பேர், முகூர்த்த நாளில் அவர்களில் யார் கிடைப்பார்கள்? அந்த எண்ணிக்கைதான் உங்கள் உச்சவரம்பு. அதைத் தாண்டி ஆள் வந்தால் ‘இன்றைக்கு இலை முடிந்தது’ என்று சொல்லப் பழகுங்கள், இல்லையென்றால் நெடுஞ்சாலை ஓட்டல்களில் மிளகாயை அள்ளிக் கொட்டிவிட்டு ‘செட்டிநாடு’ என்று பெயர் வைக்கிறார்களே, அதே சாப்பாட்டைத்தான் நீங்களும் போட வேண்டிவரும்.

அடுத்து, வருகிறவர் எதற்கு வருகிறார் என்று பாருங்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன, அதனால் பலர் இங்குள்ள பழைய பெரிய வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள். மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ காலையில் கிளம்பி, நாலு வீட்டையும் ஆத்தங்குடி டைல்ஸ் போடுவதையும் பார்த்து, மதியம் இலையில் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். ஊருக்கு மிஞ்சுவது ஒரு சாப்பாட்டுக் காசு. ஆகவே மதியச் சாப்பாட்டை மேலும் பெரிதாக்குவதில் பயனில்லை. வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும், கந்தரப்பம், சீயம், பால் பணியாரம் எல்லாம் சாயங்காலப் பலகாரமாகவே கிடைக்கட்டும். கவுனி அரிசியை ராத்திரி ஊறப்போடுவதை விருந்தாளியே பார்த்துவிட்டு, காலையில் அதைச் சாப்பிடட்டும். இந்த ஊர்களின் நகரத்தார் (செட்டியார்கள்) பர்மாவுக்கு வியாபாரத்துக்குப் போன காலத்தில் அந்தக் கறுப்பு அரிசி இங்கே வந்து சேர்ந்தது என்பார்கள், அந்தக் கதையைச் சொல்லவும் ராத்திரிதான் தோது. வருஷக் கடைசியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்ப்பதைவிட எத்தனை பேர் ராத் தங்கினார்கள் என்று பாருங்கள்.

சரி, யார் நடத்துவது? தங்கும் விடுதிக்காரர்கள் மட்டும் உட்கார்ந்து பேசினால் சமையல்காரருக்குக் கூலி ஏறாது, இது எந்த ஊரிலும் நடப்பதுதான். பலகாரம் போடுகிற பெண்கள், காய்கறிக்காரர், ஆட்டோ ஓட்டுபவர், பஞ்சாயத்து ஆள் எல்லோரும் இருக்கட்டும். பேச வேண்டியது மூன்றே விஷயம்: குறைந்தபட்ச விலை (ஒருவர் குறைத்தால் எல்லோரும் குறைப்பார்கள், அப்புறம் கல்பாசி, மராத்தி மொக்கு மாதிரி மசாலாச் சாமான்கள் கைவிடப்படும்), குப்பை எங்கே போகிறது, புகார் வந்தால் யார் போனை எடுப்பது. வீட்டில் செய்து விற்பவர்களுக்கு உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வாங்கிக் கொடுப்பதையும் இந்தக் குழுவே செய்துவிடலாம், தனியாக அலைந்தால் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். கற்றுக்கொள்ள வருகிற இளசுகளுக்கு முதல் நாளிலிருந்தே சம்பளம் கொடுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் வெளியூர்க்காரர்கள் குறைவு. அதையும் வீணாக்க வேண்டாம்: வடகம், வற்றல் போடுகிற காலம் அது, மொட்டைமாடியில் அதிகாலையில் அரை மணி நேரம் உட்கார வைத்தால் மெட்ராஸ்காரர்கள் அசந்துபோவார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் விற்பனைக்கு வைக்காதீர்கள். திருக்கார்த்திகை முடிந்து 21ஆம் நாள் நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு, மாவில் நூல் திரி வைத்து ஏற்றி, சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள், இதைத்தான் இழை எடுத்துக்கொள்வது என்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், ‘அனுபவம்’ என்று பெயர் வைத்து டிக்கெட் போடலாமே என்று யாராவது கிளம்புவார்கள். அது வீட்டு விஷயம். அன்றைக்குச் சாயங்காலம் சமையல் கிடையாது என்று முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.