காரை விற்க வேண்டாம், குட்டிப் பயணங்களைக் குறையுங்கள்

கார் ஓட்டுவதைக் குறைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தினசரி நெடும்பயணத்தில்தான் முதலில் கை வைக்கிறார்கள். அதுதான் இருப்பதிலேயே கடினம், சீக்கிரம் சலித்துவிடும். 3 கிலோமீட்டருக்குள் முடிகிற பயணங்களில் தொடங்குங்கள்.

காருக்கே கெடுதல் செய்வதும் அவைதான். எஞ்சின் சூடாகும்வரை கிலோமீட்டருக்கு எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். புகையில் உள்ள நச்சு வாயுக்களை மாற்றும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டிய பிறகே ஒழுங்காக வேலை செய்யும். ஆயில் சூடேறாவிட்டால் அதில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கிவிடும். ஸ்டார்ட் செய்ய பேட்டரி இழந்த சார்ஜும் அந்தக் குறுகிய ஓட்டத்தில் முழுதாக ஏறாது.

முதலில் ஒரு வாரம் கணக்கு எழுதுங்கள். காரிலேயே ஒரு சின்ன நோட்டு போதும்: ஓடோமீட்டர் (ஓடிய தூரம் காட்டும் மீட்டர்) எண், போன காரணம், கூட வந்தவர்கள், சுமை, வாசலிலிருந்து வாசலுக்கு ஆன நிமிடங்கள். பார்க்கிங் தேடிய நேரத்தையும் சேர்க்க வேண்டும். அதை விட்டுவிடுவதால்தான் கார் எப்போதும் வேகமாகத் தோன்றுகிறது. சாதாரண நடையில் 1 கிலோமீட்டருக்கு 12 நிமிடம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் மிதித்தால் அதே 12 நிமிடத்தில் 3 கிலோமீட்டர் போய்விடலாம். நோட்டில் உள்ளதோடு ஒப்பிட்டு, சுமை குறைந்த ஒரே ஒரு பயணத்தை மட்டும் மாற்றுங்கள். மீதிச் சில்லறை வேலைகளை ஒரே சுற்றில் முடிக்கலாம்.

சைக்கிள் என்றால், முந்தைய இரவே காற்று, விளக்கு, பூட்டு எல்லாம் சரிபார்த்து வாசலருகில் நிறுத்துங்கள். கார் முன்னாலும் சைக்கிள் பின்னாலும் நின்றால் எது வெளியே போகும் என்று சொல்லவே வேண்டாம். சீட்டில் உட்கார்ந்து, மிதி (பெடல்) கீழே இருக்கும்போது அதில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட்டின் உயரம் அதுதான். தாழ்வாக இருந்தால் முழங்கால் வலிக்கும், பலர் அங்கேயே விட்டுவிடுவார்கள். பையை ஹேண்டில்பாரில் தொங்கவிடாதீர்கள், திருப்பும்போது இழுக்கும். பின் கேரியரில் கட்டுங்கள்.

பஸ்ஸென்றால் போகும் நேரத்தைவிடத் திரும்பும் நேரத்தையும் கடைசி பஸ்ஸையும் பாருங்கள். ஒரே காரைப் பகிர்வதென்றால் எந்தெந்த நாள், எத்தனை நிமிடம் காத்திருப்பது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். பணத்தைவிடக் காத்திருப்பில்தான் மனக்கசப்பு வரும்.

கனமழை, உடம்பு சரியில்லாத நாள், பின்னிரவு: இவற்றுக்குக் கார்தான் என்று முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு நாள் தவறியதும் திட்டம் மொத்தமும் கைவிட்டுப் போகும்.

வீட்டில் இன்னொருவரை மாற்ற நினைத்தால் உபதேசம் பலிக்காது. முதல் தடவை கூடவே போய்வாருங்கள். வீடோ வேலையோ மாறும் சமயம் இதற்கு மிகவும் தோது, பழைய வழக்கம் அப்போது தானாகவே அறுந்திருக்கும்.

ஓடாமல் நிற்கும் காரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 20, 30 நிமிடம் ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் பேட்டரி போதிய அளவு ஏறாது, பிரேக் டிஸ்க்கில் படிந்த துருவும் போகாது.