சிங்கமலை சுரங்கத்தை ரயிலில் ரசிக்க ஒரு குறிப்பு

திருகோணமலையிலிருந்து மாகோ வரை ரயிலில் போனாலும் ஒரு மலைச் சுரங்கம்கூட வராது, நம் பாதை அப்படிச் சமவெளி. அதனாலேயே நம் பிள்ளைகளுக்கு இலங்கையின் மலையக ரயில் பாதையைக் கட்டாயம் காட்டவேண்டும் என்பேன். அந்தப் பாதையின் மிக நீளமான சுரங்கமான சிங்கமலை, ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் இருக்கிறது, நீளம் ஏறக்குறைய 560 மீட்டர். 1885இல் நானுஓயா வரை பாதை திறந்த காலத்து வேலை அது. சுவிட்சர்லாந்தில் 57 கிலோமீட்டர் நீளும் கொத்தார்ட் அடித்தள ரயில் சுரங்கம் இருக்கட்டும், இதற்குள் நுழையும்போது பெட்டி முழுக்க எழும் கூச்சலே தனி!

சரி, குறிப்புக்கு வருகிறேன். பின்பக்கப் பெட்டியில் ஜன்னலோரம் இடம் பிடியுங்கள், வளைவுகளில் எஞ்சின் அடுத்தடுத்த சுரங்கங்களுக்குள் நுழைவது அங்கிருந்துதான் தெரியும். வீடியோ எடுப்பவர்கள் வெளியே வெளிச்சமாக இருக்கும்போதே திரையை அழுத்திப் பிடித்து ஒளியைப் பூட்டிவிட்டால், வெளியே வரும் நொடியில் தேயிலை மலை வெள்ளையாக வெளிறிப்போகாது. ஹட்டன் தாண்டியதும் ஜன்னலை மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் சுரங்கத்தில் டீசல் புகை பெட்டிக்குள் வந்து அடைத்துக்கொள்ளும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது பெரிய தொல்லை. வாசலில் தொங்கவே வேண்டாம், சுவர் அத்தனை நெருக்கம். அப்புறம், கனமழையில் மண்சரிவால் பாதை மூடப்படுவதுண்டு, ஆகவே கிளம்புமுன் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.