ட்வைலைட் இம்பீரியம்: கோள்களைப் பிடிப்பதிலும் விடுவதிலும் நேரும் தவறுகள்

புதியவர்களோடு ட்வைலைட் இம்பீரியம் என்ற விண்வெளிப் போர்ப் பலகை ஆட்டம் ஆட உட்காரும்போதெல்லாம், ஒரு காலத்தில் நான் செய்த அதே காரியங்களை இன்னொருவர் அதே நம்பிக்கையோடு செய்வதைப் பார்க்கிறேன். பகடையை உருட்ட மறப்பது, தவறான கப்பலை நகர்த்துவது போன்றவை இரண்டாம் ஆட்டத்தில் தானாகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். 2017இல் வந்த நான்காம் பதிப்பின் அடிப்படை விதிகளை வைத்து, கோள்கள் யார் கையில் இருக்கின்றன என்பதில் வரும் குழப்பங்களை மட்டும் சொல்கிறேன்.

மேலே கப்பல் நின்றால் கீழே கோள் நமதென்று நினைப்பது

எதிரியின் மண்டலத்தில் (கோள்கள் உள்ள பலகைக் கட்டத்தில்) மூன்று க்ரூசர் போர்க்கப்பல்களைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, கோள் அட்டைக்காகக் கை நீட்டுவார்கள். அட்டை எதிரியிடமே இருக்கும். அவர் அதன் வளத்தையும் செல்வாக்கையும் வழக்கம்போலச் செலவழிப்பார். அங்கே அவருடைய ஸ்பேஸ் டாக் (கப்பலும் படையும் தயாரிக்கும் தளம்) இருந்து, அவர் கப்பல் ஏதும் இல்லையென்றால், முற்றுகை காரணமாக அவரால் அங்கே கப்பல் கட்ட முடியாது. ஆனால் காலாட்படையைத் தாராளமாகத் தயாரிக்கலாம்.

கோள் கைமாற வேண்டுமானால் காலாட்படை தரையில் இறங்க வேண்டும். கேரியர் கப்பல் நான்கு அலகுகளை ஏற்றும், ட்ரெட்நாட் கப்பல் ஒன்றை ஏற்றும். மேம்படுத்தாத க்ரூசர் எதையும் ஏற்றாது. படையெடுப்புக்குக் கிளம்பும் முன் இந்தக் கணக்கைப் போடாதவர்கள், வானில் வென்றுவிட்டு வெறுங்கையோடு நிற்கிறார்கள்.

பிடித்த கோளை அதே சுற்றில் செலவழிக்க நினைப்பது

பொதுவாக முடியாது. அட்டை, ஏற்கெனவே செலவழித்ததைப் போலக் கவிழ்ந்த நிலையில்தான் கைக்கு வரும்.

தாய் மண்டலத்தில் ஒரு கோளை அநாதையாக விடுவது

எத்தனை முறை சொன்னாலும் மேசையில் யாராவது ஒருவர் இதைச் செய்கிறார். ஆட்டம் தொடங்கும் முன் சொன்னால் தலையாட்டுகிறார்கள். மூன்றாம் சுற்றில் மறந்துவிடுகிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது அதனால்தான்.

விதி இதுதான்: நீங்கள் ஆட்டத்தைத் தொடங்கும் தாய் மண்டலத்தில் உள்ள எல்லாக் கோள்களும் உங்கள் ஆட்சியில் இருந்தால்தான் பொது இலக்குகளுக்குப் புள்ளி எடுக்க முடியும். ஒன்று போனாலும் போச்சு. ரகசிய இலக்குகளுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் ரகசிய இலக்குகளை மட்டும் நம்பி வெற்றிக்குத் தேவையான 10 புள்ளிகளை எட்ட முடியாது.

ஓர் ஆட்டத்தில் நண்பர் ஒருவர் ஹாக்கான் இனத்தை எடுத்திருந்தார். ஹாக்கானுக்குத் தாய் மண்டலத்தில் மூன்று கோள்கள். அரெட்ஸேவில் 2 வளம், ஹெர்கன்டில் 1 வளமும் 1 செல்வாக்கும், காம்டார்னில் வெறும் 1 செல்வாக்கு. ஸ்பேஸ் டாக்கை அரெட்ஸேவில் வைத்திருந்தார். கேரியர்கள் இரண்டும் அக்கம்பக்கத்துக் கோள்களைப் பிடிக்கப் போய்விட்டன. ஹெர்கன்டில் ஒரே ஒரு காலாள். காம்டார்னில் யாரும் இல்லை. "அந்த ஒற்றைச் செல்வாக்குக்காக யார் வரப்போகிறார்கள்?" என்று கேட்டார்.

அந்தச் சுற்றின் முதல் வேலையாக ஒரு கட்டளை டோக்கனை வைத்துத் தாய் மண்டலத்தைச் செயல்படுத்திக் காலாட்படையைத் தயாரித்தார். தயாரித்த படை டாக் இருக்கும் கோளில்தான் இறங்கும். பக்கத்துக் கோளுக்குப் போகவும் ஏற்றிச் செல்ல ஒரு கப்பல் வேண்டும். அரெட்ஸே நிரம்பி வழிந்தது, காம்டார்ன் காலியாகவே கிடந்தது. 8 வளம் செலவிட வேண்டிய பொது இலக்குக்காக, வளமாகச் செலவிடக்கூடிய வணிகச் சரக்குகளை அடுக்கி வைத்துக்கொண்டு, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று சீக்கிரமே பாஸ் சொல்லிவிட்டார்.

அடுத்த மண்டலத்தில் ஒரு ட்ரெட்நாட் நெடுநேரமாக நின்றுகொண்டிருந்தது. அதன் உரிமையாளர் இவர் பாஸ் சொல்லும்வரை காத்திருந்தார். பிறகு ஒரு டோக்கனை வைத்தார், ட்ரெட்நாட்டை உள்ளே தள்ளினார், ஒரே ஒரு காலாளைக் காம்டார்னில் இறக்கினார். எதிர்க்கக் கப்பலும் இல்லை, ஆளும் இல்லை. பகடையே உருளவில்லை. சுற்றின் முடிவில் புள்ளி எடுக்கும் நிலைக் கட்டம் வந்தபோது நம்மவர் சரக்குகளைத் தள்ளிவிட்டு இலக்கைக் காட்டினார். முடியாது என்றோம். "அரெட்ஸேவில் என் படை முழுவதும் இருக்கிறதே!" என்றார். இருந்து என்ன பயன்?

அவர் பாஸ் சொல்லாமல் இருந்திருந்தாலும் தப்பியிருக்க மாட்டார் என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. சுற்றின் தொடக்கத்தில் உற்பத்திக்காக அவர் வைத்த கட்டளை டோக்கன் தாய் மண்டலத்திலேயே கிடந்தது. தன் டோக்கன் உள்ள மண்டலத்தை அதே சுற்றில் மறுபடி செயல்படுத்த முடியாது. வெளியே போன கேரியர்களைத் திருப்பி அழைத்துக் கோளை மீட்கும் வழி அப்போதே அடைபட்டுவிட்டது. ஆக, வீட்டில் உற்பத்தி செய்த அன்றுதான் வீடு மிகவும் பலவீனமாக இருக்கிறது.

இதற்கு மாற்று உண்டு. வார்ஃபேர் என்ற வியூக அட்டையை வேறொருவர் ஆடும்போது மற்றவர்களுக்குக் கிடைக்கும் இரண்டாம் நிலைத் திறனைப் பயன்படுத்தினால், இத்தகைய திறன்களுக்கென ஒதுக்கிய வியூகக் குவியலிலிருந்து ஒரு டோக்கனைச் செலவழித்துத் தாய் மண்டலத்தில் உற்பத்தி செய்யலாம். அந்த டோக்கன் பலகைக்கு வராது, மண்டலமும் பூட்டிக்கொள்ளாது. கேரியர்கள் கிளம்பும் முன்பே ஒவ்வொரு தாய்க் கோளிலும் ஓர் ஆளையாவது விட்டுச் செல்லுங்கள். அந்த ஒற்றை ஆள் பெரும்படையைத் தடுக்கமாட்டான், ஆனால் ஒற்றை ஆளோடு ஓசியில் வருபவரைத் தயங்க வைப்பான். கோளில் நிறுத்தும் பிடிஎஸ் பீரங்கி இன்னும் நல்லது: உள்ளே வரும் கப்பல்களை நோக்கி ஒருமுறை, தரையிறங்கும் படையை நோக்கி இன்னொரு முறை சுடும். ஒவ்வொரு முறையும் பத்து முகப் பகடையில் 6 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி. ஆனால் பீரங்கியை மட்டும் நம்பி ஆளில்லாமல் விட்டால், தப்பி இறங்கும் ஒருவனே கோளையும் எடுத்துக்கொண்டு பீரங்கியையும் அழித்துவிடுவான்.

ஸார் குலத்தாருக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை. அவர்கள் நாடோடிகள், தாய் மண்டலம் போனாலும் புள்ளி எடுக்கலாம். உங்கள் கையில் ஸார் அட்டை இல்லையென்றால் அவர்களைப் பார்த்து ஆடாதீர்கள்.

வெளிக் கோள்கள் எல்லாவற்றிலும் காவல் போடுவது

மேலே சொன்னதைக் கேட்டுவிட்டு எதிர்த்திசையில் ஓடுபவர்களும் உண்டு. தாய் மண்டலத்துக்கு வெளியே படையை முழுதாக எடுத்துக்கொண்டு நகர்ந்தாலும் கோள் உங்களுடையதுதான். உங்கள் கட்டுப்பாட்டு டோக்கனை அதன்மேல் வைத்தால் போதும். வேறொருவர் வந்து இறங்கும்வரை ஆட்சி மாறாது. யாரும் எட்ட முடியாத பின்புறக் கோளில் மூன்று காலாட்கள் சும்மா நின்றுகொண்டிருக்க, எல்லையில் கேரியர் காலியாகப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

மெக்கட்டால் ரெக்ஸுக்குக் கையில் காசில்லாமல் போவது

நடுவில் உள்ள அந்தக் கோளில் முதலில் இறங்குபவர் 6 செல்வாக்கு செலவிட்டுக் காவலர் டோக்கனை அகற்ற வேண்டும். அதற்கு ஒரு புள்ளி கிடைக்கும். அந்தச் சுற்றிலிருந்து எல்லோரும் வாக்களிக்கும் தீர்மானக் கட்டமும் தொடங்கும். செல்வாக்கு அட்டைகளை எல்லாம் தலைமை என்ற வியூக அட்டையில் கட்டளை டோக்கன் வாங்கிக் கவிழ்த்துவிட்டுப் போனால், மேலே நின்று வேடிக்கை பார்க்கலாம். அடுத்தவர் அந்த 6 செல்வாக்கோடு வந்துசேர்வார்.

தாய்க் கோள்களையும் சேர்த்து எண்ணுவது

6 கோள்களை ஆளச் சொல்லும் இலக்கும் 11 கோள்களை ஆளச் சொல்லும் இலக்கும் தாய் மண்டலங்களுக்கு வெளியே உள்ள கோள்களை மட்டுமே கணக்கில் எடுக்கும். எதிரியின் தாய் மண்டலத்தில் பிடித்ததும் சேராது.