மலையூர்ச் சிறுவர் கால்பந்து அணியைப் பருவம் முழுவதும் பின்தொடர்வது எப்படி?

நீலகிரியில் உள்ளூர்ச் சிறுவர் அணி ஒன்றின் ஆட்டங்களைத் தொடர்ந்து பார்க்க விரும்புவோர், போட்டி அட்டவணையோடு மழைக்காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை வலுக்கும். கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளிலோ அக்டோபருக்குப் பின் வடகிழக்குப் பருவமழை மைதானத்தைச் சேறாக்கும் என்பதால், புறப்படும் முன் பயிற்சியாளரிடமோ பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலோ கேட்டுக்கொள்வது நல்லது.

குறிப்பேடு ஒன்றைக் கையில் வைத்திருங்கள். வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1 புள்ளி என்பது வழக்கமான லீக் கணக்கு. புள்ளிகள் சமமானால் பெரும்பாலும் கோல் வித்தியாசம் (அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்தால் வருவது) பார்க்கப்படும் என்பதால், 0-4 என்று பின்தங்கியிருக்கையில் அடிக்கும் ஒரு கோலும் பின்னால் கைகொடுக்கலாம். ஆனால் கோல்களைவிட, பந்து தன்னிடம் இல்லாதபோது ஒரு பிள்ளை எங்கே ஓடுகிறது என்பதைக் குறித்து வைப்பதே முன்னேற்றத்தைச் சரியாகக் காட்டும் என்பது என் கருத்து: முதல் ஆட்டங்களில் பந்தைச் சுற்றி மொய்த்தவர்கள், போகப்போக ஓரக்கோட்டருகே விலகி நின்று, கையை உயர்த்திப் பாஸ் கேட்கத் தொடங்குவார்கள். வெளியே நின்று பயிற்சியாளருக்கு மாறாகக் கட்டளையிடாதீர்கள், கைதட்டினால் போதும்.

சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், ஓங்கி உதைத்த பந்து சமவெளியில் போவதைவிடச் சற்றுத் தொலைவு போகும். கீழிருந்து வரும் அணிகளுக்கு விரைவிலேயே மூச்சு வாங்கும். மூடுபனி இறங்கி எதிர்ப்புறக் கோல்கம்பம் மறைந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவைக்கலாம். அவரோடு வாதிடுவதைவிடத் தேநீர் குடித்துவிட்டு வருவது மேல்.