கன்றுக்குட்டி இருமினால் ஊசியை எடுக்கும் முன்

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறைப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களிடம் கன்றுக்குட்டி இருமுகிறது என்று சொன்னால், "ஊசி போட்டாச்சா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். சிலர் தங்கள் கொட்டகையில் மிச்சம் இருக்கும் ஆன்டிபயாட்டிக் பாட்டிலையே எடுத்து வந்து கொடுப்பார்கள். நல்ல மனசோடு செய்கிறார்கள். ஆனால் நான் பார்த்தவரை, நிமோனியாவில் போன கன்றுகள் ஊசி கிடைக்காமல் போனவை அல்ல. நோயைத் தாமதமாகக் கண்டுபிடித்து, பொருந்தாத மருந்தை, கண் அளவில் போட்டு, பாதியில் நிறுத்தியதால் போனவை. இதில் ஒவ்வொன்றும் நம் கையில் இருந்த விஷயம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இருமலுக்காகக் காத்திருப்பது முதல் தவறு. இருமல் வரும்போது நோய் உள்ளே ஓரிரண்டு நாள் வேலை பார்த்திருக்கும். முதலில் மாறுவது பால் குடிக்கும் விதம். வாளியைப் பார்த்ததும் முட்டிக்கொண்டு ஓடிவரும் கன்று, கடைசியாக வரும். பாலில் கொஞ்சம் மிச்சம் வைக்கும். காது லேசாகத் தொங்கும். மூக்கில் வடியும் நீர் கெட்டியாகும். அப்போதே காய்ச்சல் பாருங்கள். காதைத் தொட்டுப் பார்ப்பது காய்ச்சல் பார்ப்பது ஆகாது. மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். 38.5 முதல் 39.5 டிகிரி செல்சியஸ் வரை கன்றுக்கு இயல்பு. அதற்கு மேல் போனால் கவனம். 40ஐத் தொட்டால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூச்சையும் எண்ணலாம், ஆனால் விடியற்காலையில் எண்ணுங்கள். பினாங்கு வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு எண்ணினால் நல்ல கன்றுக்கும் மூச்சு வேகமாகத்தான் இருக்கும். கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கும் வரை விட்டுவிட்டால், நுரையீரலில் பாதிக்கப்பட்ட பகுதி பிறகு முழுதாகத் தேறுவது கடினம்.

அடுத்தது, வாயில் மருந்து ஊற்றுவது. இதை நான் சின்ன வயதில் தோட்டத்தில் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். மிளகு, துளசி, வெற்றிலை போட்டுக் காய்ச்சிய கஷாயம் ஒரு ஸ்டவுட் பாட்டிலில். ஒருவர் கன்றின் தலையை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடித்தார், இன்னொருவர் நாக்கைப் பக்கவாட்டில் இழுத்தார், மூன்றாமவர் ஊற்றினார். பாதி பாட்டில் போனதும் கன்று திமிறி இருமியது. "உள்ளே போயிடுச்சு, விடாதே, ஊத்து" என்றார்கள். உள்ளே போனது உண்மைதான், ஆனால் வயிற்றுக்கு இல்லை. மூன்றாம் நாள் அந்தக் கன்று போய்விட்டது. கண் பட்டுவிட்டது என்றார்கள்.

தலையை அப்படித் தூக்கி நாக்கையும் இழுத்துப் பிடித்தால் கன்றால் விழுங்க முடியாது. விழுங்கும்போதுதான் மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்ளும். விழுங்கவில்லை என்றால் அது திறந்தே கிடக்கும், ஊற்றுவது நேரே நுரையீரலுக்குப் போகும். எண்ணெய் கலந்த மருந்தாக இருந்தால் இன்னும் மோசம், அதை இருமி வெளியே தள்ளவும் கன்றால் முடியாது. ஆகவே மூக்கு கண் மட்டத்துக்கு மேல் போகக் கூடாது. வாயின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, விழுங்குகிறதா என்று தொண்டையைப் பார்க்க வேண்டும். இருமினால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ விடுங்கள். மூச்சு வாங்கும் கன்றுக்கு வாய்வழியாக எதையும் வலுக்கட்டாயமாகக் கொடுக்கவே வேண்டாம். பால் புட்டியும் இதே கதைதான். சீக்கிரம் குடிக்கட்டும் என்று ரப்பர் காம்பின் ஓட்டையைக் கத்தரியால் பெரிதாக்கி விடுகிறார்கள். புட்டியைக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாக வர வேண்டும், ஒழுகி ஓடக் கூடாது.

சீம்பாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கி, ஆறு மணி நேரத்துக்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர், உள்ளே போயிருக்க வேண்டும். ஒரு நாள் கழிந்தால் அதிலுள்ள எதிர்ப்புச் சக்தியைக் குடல் உறிஞ்சாது. நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் பால் கொடுக்கலாம் என்று காத்திருக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

கொட்டகைக் காற்றைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். கன்று படுக்கும் இடத்தில் மண்டியிட்டு, அதன் மூக்கு இருக்கும் உயரத்தில் ஒரு நிமிடம் மூச்சு விடுங்கள். மூத்திர வாடையில் கண் எரிந்தால் கன்று இரவெல்லாம் அந்த அமோனியாவைத்தான் சுவாசிக்கிறது. மழைச் சாரல் அடிக்கிறது என்று நான்கு பக்கமும் தார்ப்பாயை இறக்கிவிடுவதும், கொசுவுக்காகச் சாயங்காலம் கொட்டகைக்கு உள்ளேயே தென்னைமட்டையையும் தேங்காய் நாரையும் புகைய விடுவதும் அந்தக் காற்றை இன்னும் கெடுக்கும். சாரல் வரும் பக்கத்தை மட்டும் மூடி, மேலே காற்று போக வழி விடுங்கள். புகை போடுவதென்றால் வெளியே, காற்று அடிக்கும் திசை பார்த்துப் போடுங்கள். 2015இலும் 2019இலும் சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வந்தபோது நம் குழந்தைகள் எப்படி இருமினார்கள் என்பது நினைவிருக்கும்.

சரி, ஊசிக்கு வருவோம். கன்றுகளின் நிமோனியா பெரும்பாலும் வைரஸில் தொடங்கும். வைரஸை எந்த ஆன்டிபயாட்டிக்கும் கொல்லாது. வைரஸ் மூச்சுப்பாதையைப் புண்ணாக்கிய பிறகு பாஸ்டுரெல்லா, மான்ஹைமியா போன்ற பாக்டீரியாக்கள் உள்ளே இறங்குகின்றன. மருந்து அவற்றுக்குத்தான். எனவே காய்ச்சல் இல்லாமல், பாலும் நன்றாகக் குடித்துக்கொண்டு ஒன்றிரண்டு முறை இருமும் கன்றுக்கு ஊசி தேவை இல்லாமல் இருக்கலாம். மேயப் போகும் கன்றாக இருந்தால் நுரையீரல் புழுவாலும் இருமும், அதற்கு மருந்தே வேறு. ஒன்று இருமினால் கொட்டகையில் இருக்கும் எல்லாக் கன்றுக்கும் போட்டுவிடுவதும் வேண்டாம். நோய் கண்டதைத் தனியாகக் கட்டுங்கள், அதற்குக் கடைசியாகத் தீனி வையுங்கள்.

எந்த மருந்து என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், அதற்குக் காரணம் இருக்கிறது. பென்சிலின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் செல்சுவரைக் குலைத்து வேலை செய்பவை. மைக்கோபிளாஸ்மா என்ற கிருமிக்குச் செல்சுவரே கிடையாது. கன்றை இருமவைப்பது அதுவாக இருந்தால், எத்தனை பாட்டில் பென்சிலின் போட்டாலும் தண்ணீர் போட்ட மாதிரிதான். முடிந்தால் முதல் ஊசிக்கு முன்பே மூக்கில் சளி மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். பினாங்கில் நமக்குப் பக்கத்திலேயே புக்கிட் தெங்காவில் கால்நடை ஆய்வகம் இருக்கிறது. ஊசி போட்ட பிறகு எடுத்தால் கிருமி சரியாக வளராது. வீட்டில் மிச்சம் இருக்கும் மனித மாத்திரையை உடைத்துப் பாலில் கலப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம்.

அளவில்தான் பெரிய தவறு நடக்கிறது. "சின்னக் கன்று, ரெண்டு மில்லி போதும்" என்று கை அளவில் போடுகிறோம். டேப்பை எடுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். தோள்முனையிலிருந்து பின்புற எலும்பு வரை உள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ வரும். சுற்றளவு 32, நீளம் 30 என்றால் சுமார் 46 கிலோ. பத்து கிலோவுக்கு ஒரு மில்லி என்று லேபிளில் இருக்கும் மருந்தை இந்தக் கன்றுக்கு இரண்டு மில்லி போட்டால், பாதி அளவுகூடப் போகவில்லை. பலவீனமான கிருமிகள் செத்து, மருந்தைத் தாங்கக்கூடியவை தங்கிவிடும். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் நோபல் பரிசு உரையிலேயே, குறைந்த அளவு மருந்து கிருமிகளைப் பழக்கிவிடும் என்று எச்சரித்தார்.

அப்புறம் அவசரம். காலையில் ஊசி, மாலையில் கன்று படுத்தே இருக்கிறது, மறுநாள் வேறு மருந்து, அதற்கு மறுநாள் மூன்றாவது. எந்த மருந்துக்கும் 48 முதல் 72 மணி நேரம் கொடுத்துத்தான் பலனைப் பார்க்க வேண்டும். காய்ச்சல் இறங்குகிறதா, பால் குடிக்கிறதா என்பதே அளவுகோல். இருமல் இன்னும் சில நாள் இருக்கலாம். இதற்கு நேர்மாறாக, இரண்டாம் நாள் துள்ளி ஓடியதும் மருத்துவர் சொன்ன மீதி ஊசிகளை விட்டுவிடுகிறார்கள். மூன்று நாள் உடம்பில் நின்று வேலை செய்யும் 'லாங் ஆக்டிங்' மருந்தைத் தினமும் போடுகிறவர்களும் உண்டு. லேபிளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், கேட்பதில் வெட்கம் எதற்கு?

"ஒரே ஊசியில் எழுந்து நின்னுடுச்சு" என்று யாராவது சொன்னால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்து, பசியையும் கிளப்பிவிடும். அதே நேரம் கன்றின் எதிர்ப்புச் சக்தியைக் கீழே இறக்கும். காய்ச்சலுக்கும் வலிக்கும் மெலாக்ஸிகாம் போன்ற மருந்துகள் உண்டு, மருத்துவர் தருவார். பாட்டிலை லோரி டேஷ்போர்டில் வெயிலில் போட்டு வைக்காதீர்கள். இரண்டு மருந்தை ஒரே சிரிஞ்சில் கலக்காதீர்கள். ஒரு ஊசி ஒரு கன்றுக்குத்தான்.

மடிவீக்கத்துக்கு மருந்து போட்ட பசுவின் பாலை விற்க முடியாது என்று கன்றுகளுக்கு ஊற்றுவதும் நம்மிடம் சாதாரணம். அந்தப் பாலில் கொஞ்சமாக இருக்கும் மருந்து, கன்றின் குடலில் உள்ள கிருமிகளுக்குத் தினமும் பயிற்சி கொடுப்பது போல. கொட்டகையில் பழகிய கிருமி கொட்டகையிலேயே நிற்காது. மனிதர்களுக்குக் கடைசி நேரத்தில் கைகொடுக்கும் மருந்துகளில் ஒன்றான கொலிஸ்டினை, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மலேசியா 2019 ஜனவரியில் தடை செய்தது இந்தக் கவலையால்தான்.

தேறாது என்று தெரிந்த கன்றை அவசரமாக இறைச்சிக்குத் தள்ளிவிடுவதும் இதோடு சேர்ந்ததுதான். ஒவ்வொரு மருந்தின் லேபிளிலும் கடைசி ஊசிக்குப் பிறகு இறைச்சிக்கு எத்தனை நாள், பாலுக்கு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று போட்டிருக்கும். தைப்பூசம் நெருங்கும்போது இந்த நாள்களை மறந்துவிடத் தோன்றும். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பவர்கள் ஒரு வாரம் முன்பே பசும்பாலுக்குச் சொல்லி வைப்பார்கள், இருக்கிற பால் பத்தாது. எங்கள் கொட்டகைத் தூணில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. மாட்டின் காதுப் பட்டை எண், போட்ட மருந்து, கடைசி ஊசி போட்ட தேதி, பால் கறந்து விற்கலாம் என்ற தேதி என நான்கு கட்டங்கள். பால் வாங்க யார் வந்தாலும் முதலில் அந்தப் பலகையைத்தான் பார்க்கிறார்கள். தேதி வராத மாட்டின் பாலைக் கறந்து வாழைமரத்தடியில் குழி வெட்டி ஊற்றுகிறோம்.