சட்டமே இல்லை என்று சொல்லிக் கைகட்டி நிற்காதீர்கள்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில், அரசு இணையச் சேவைகள் தரும் அக்ஷயா சென்டர் ஒன்றில், பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியை விற்பதற்காக ஆர்சி புத்தகத்தோடு வந்திருந்த பெரியவர் ஒருவரைப் பார்த்தேன். சாலையோர ஏஐ (செயற்கை நுண்ணறிவு) கேமரா போட்ட அபராதம் கட்டாமல் நின்றிருந்ததால் பெயர் மாற்றம் நடக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவர் ஹெல்மெட் போடவில்லை என்று பல மாதங்களுக்கு முன்பே அறிவிப்பு வந்திருக்கிறது. அதை அவர் நான்காக மடித்துக் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார். "ஏஐக்குன்னு நாட்டுல சட்டமே இல்லைங்கறாங்களே தம்பி, அப்புறம் அது போட்ட பைன் எப்படிச் செல்லும்?" என்று அவர் கேட்டது வாதத்துக்காக அல்ல, உண்மையாகவே நம்பித்தான்.

எல்லையின் இரு பக்கமும் நான் அடிக்கடி கேட்கும் தவறு இதுதான், பிற தவறுகள் பலவற்றுக்கு வேரும் இதுவே. செயற்கை நுண்ணறிவுக்கென்று தனிச் சட்டம் ஒன்றை இந்தியா இயற்றவில்லை என்பது சரி. ஆனால் அபராதம் விதித்தது செயற்கை நுண்ணறிவு அல்ல, மோட்டார் வாகனச் சட்டம். 2023 ஜூன் 5 முதல் கேரளத்தில் அபராதம் விதிக்கத் தொடங்கிய 726 கேமராக்கள் படத்தைப் பிடித்துத் தருகின்றன, கட்டுப்பாட்டு அறையில் ஆள் பார்த்து உறுதி செய்த பிறகே அறிவிப்பு போகிறது. இத்தகைய மின்னணுக் கண்காணிப்புக்காகவே 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்ற விதி சேர்க்கப்பட்டது. கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும், மீறல் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும், வழக்கு முடியும் வரை மின்னணுப் பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்றெல்லாம் அந்த விதி நிபந்தனை போட்டது. ஆகவே சட்டமே இல்லை என்று நம்பி அறிவிப்பை ஒதுக்கி வைப்பவர், அதை எதிர்த்துக் கேட்கக்கூடிய கேள்விகளையும் சேர்த்தே ஒதுக்கி வைத்துவிடுகிறார். இதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

மோசடி விஷயத்திலும் இதே கதைதான். 2023 ஜூலையில் கோழிக்கோட்டுக்காரர் ஒருவர், முன்னாள் சக ஊழியரின் முகம் போலவே தோன்றிய வீடியோ அழைப்பை நம்பி 40,000 ரூபாய் அனுப்பிவிட்டார். ஏஐ கொண்டு முகத்தையும் குரலையும் போலியாக உருவாக்கும் இந்த டீப்ஃபேக்குக்குத் தனிச் சட்டம் வரட்டும் என்று காத்திருக்காமல் அவர் புகார் கொடுத்தார். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியே ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி ஏற்கெனவே குற்றம். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொன்னால் பணத்தை வழியிலேயே தடுக்கவும் வாய்ப்புண்டு.

அடுத்த தவறு, அரசு வெளியிடும் எல்லாத் தாள்களையும் சட்டம் என்று எடுத்துக்கொள்வது. போதிய அளவு சோதிக்கப்படாத ஏஐ மாதிரிகளை (ஏஐ சேவைகளை இயக்கும் மென்பொருள்களை) வெளியிட அரசின் அனுமதி வேண்டும் என்று மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 மார்ச் 1 அன்று ஓர் அறிவுரை வெளியிட்டது. இரண்டே வாரத்தில், மார்ச் 15 அன்று, அதற்குப் பதிலாக வந்த புதிய அறிவுரையில் அந்த அனுமதி நிபந்தனை இல்லை. 2025 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட ஏஐ ஆளுகை வழிகாட்டுதல்களும் கட்டாயச் சட்டமல்ல. இருக்கும் சட்டங்களைக் கொண்டே இப்போதைக்குச் சமாளிக்கலாம் என்பதே அவற்றின் நிலைப்பாடு. தமிழ்நாடு 2020இல் வெளியிட்ட பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையோ எல்லையிலுள்ள வாளையாறு தாண்டினால் யாரையும் கட்டுப்படுத்தாது.

சட்டம் வந்த நாளையும் அதன் கடமைகள் பொருந்தத் தொடங்கும் நாளையும் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம் 2024 ஆகஸ்ட் 1இல் அமலுக்கு வந்தாலும், சில பயன்பாடுகளுக்கு அது விதித்த தடைகள் 2025 பிப்ரவரி 2 முதலும் பலவகை வேலைகளுக்கும் உதவும் பொதுப் பயன்பாட்டு மாதிரிகளுக்கான கடமைகள் 2025 ஆகஸ்ட் 2 முதலும்தான் பொருந்தத் தொடங்கின. நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகளுக்கு அதன் பிறகும் 18 மாத அவகாசம் தரப்பட்டது.

எல்லைத் தமிழர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது மொழிபெயர்ப்பு. மலையாளத்தில் வந்த அறிவிப்பைப் போனில் படம்பிடித்துத் தமிழாக்கிப் படித்துவிட்டு, அதையே முடிந்த முடிவாகக் கொள்ளக் கூடாது. 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் மாவட்ட நீதித்துறைக்கு வகுத்த கொள்கை, தீர்ப்பு முடிவுகளை எட்ட ஏஐ கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்றும், கருவி செய்த மொழிபெயர்ப்பை மொழிபெயர்ப்பாளரோ நீதிபதியோ சரிபார்க்க வேண்டும் என்றும் கூறுகிறது. நீதிமன்றம் ஏஐயை அடியோடு தடை செய்துவிட்டது என்று பரவிய செய்தி தவறு. ஒப்புதல் பெற்ற கருவிகளுக்கு அங்கும் இடமுண்டு. நீதிபதிக்கே சரிபார்ப்பு வேண்டுமென்றால், கெடுத் தேதியும் பிரிவு எண்ணும் அடங்கிய தாளை நாம் மட்டும் சரிபார்க்காமல் நம்பலாமா?

மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. பெரியவரிடம் இதைச் சொன்னபோது, அபராதத்தைக் கட்டிய ரசீதை ஆர்சி புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டே, "தமிழ்லயே எழுதிக் கேக்கலாமா?" என்று இரண்டு முறை கேட்டார்.